பேத் ரிப்போர்ட் வரல: சார்ட்ட அனுப்பறதா, ஹோல்ட்ல வைக்கறதா, டாக்டர கேக்கறதா?

போன மாசத்துல மட்டும் இதே கேள்விய நாலு பேர் கேட்டுட்டாங்க. பேத் ரிப்போர்ட்னா வெட்டி எடுத்த துண்ட லேப்ல மைக்ராஸ்கோப்புல பாத்து எழுதறது. ரெண்டு பேர் வியாசர்பாடி பசங்க, ஒரு பொண்ணு எண்ணூர்ல இருந்து வாய்ஸ் மெசேஜ் போட்டுச்சு, நாலாவது எங்க தெரு தம்பி, தண்டையார்பேட்ட மெட்ரோவுல கிண்டி வண்டிக்கு நிக்கறப்ப புடிச்சுக்கினான். "அக்கா, முதுகுல இருந்து வெட்டி எடுத்துட்டாங்க, பேத்தாலஜி ரிப்போர்ட் இன்னும் வரல, டிஎல் (டீம் லீடர்) இன்னிக்கே முடிக்க சொல்றாரு, ஹோல்ட் போட்டா டார்கெட் போகுது, அனுப்பனா கியூஏல எர்ரர் போடுவீங்க, இன்னா தான் பண்ண சொல்ற?" ன்னு கேட்டான். நியாயமான கேள்வி தான், ஏன்னா எர்ரர் போடற ஆளு நான் தான். ஒம்பது வருஷமா மெடிக்கல் கோடிங்ல இருக்கேன், டாக்டர் எழுதினத படிச்சு இன்சூரன்ஸ் பில்லுக்கு கோடா மாத்தற வேல, கடைசி நாலு வருஷம் கியூஏ, அடுத்தவங்க போட்ட கோட சரி பாக்கறது.

மொதல்ல ஒன்னு சொல்லிடறேன். இந்த சார்ட்டுங்க, அதாவது பேஷண்ட் பத்தி டாக்டர் எழுதி வைக்கற ரெக்கார்டுங்க, எல்லாம் அமெரிக்கால இருக்கற டெர்மடாலஜி (தோல்) கிளினிக்கோடது, ரூல்ஸும் அவங்களோடது தான். நம்ம பசங்க தடுமாற ஒரு காரணம், இந்த வியாதிய, அதாவது தோல் கேன்சர, நாம கண்ணால பாத்ததே இல்ல. நம்ம ஊர்ல மச்சக்காரன்னா லக்கு புடிச்சவன், எங்க பாட்டி மூக்குல மச்சம் இருந்தா என்ன பலன் கன்னத்துல இருந்தா என்ன பலன்னு அரை மணி நேரம் சொல்லும், அங்க வெள்ளக்காரனுக்கு முதுகுல ஒரு மச்சம் லேசா கலர் மாறிச்சுன்னா நேரா டெர்மடாலஜிஸ்ட் கிட்ட ஓடறான். அதனால தான் ரொம்ப ஆரம்பத்துலயே மாட்டுது, தோலோட மேல் அடுக்கத் தாண்டறதுக்கு முன்னாடியே. நமக்கு தலைவலியும் அங்க தான், கேன்சரா இல்லையான்னு டாக்டருக்கே இன்னும் தெரியாத நேரத்துல சார்ட் நம்ம ஸ்க்ரீனுக்கு வந்துடுது.

மூனு வழி இருக்கு. இருக்கறத வச்சு கோட் பண்ணி அனுப்பறது, ரிப்போர்ட் வர வரைக்கும் ஹோல்ட்ல வைக்கறது, டாக்டருக்கு குயரி (எழுத்துல கேள்வி) போடறது. மூனுமே சரி தான், ஆனா வேற வேற சார்ட்டுக்கு சரி. நெறைய பேர் பண்ற தப்பு என்னன்னா ஒன்ன புடிச்சுக்கிட்டு எல்லா சார்ட்டுக்கும் அதையே போடறது.

## எத வச்சு எடை போடறது

நான் பாக்கற விஷயம் அஞ்சு. ரூல் ஒத்துக்குதா. கிளினிக்குக்கு சேர வேண்டிய காசு சரியா வருமா, கூடவும் வரக்கூடாது குறையவும் கூடாது. எத்தன நாள் இழுக்கும். பேஷண்ட் ரெக்கார்டுல இல்லாத வியாதி ஏறிடுமா. அஞ்சாவது நம்ம மார்க், அதாவது டார்கெட்டும் குவாலிட்டியும், இத சொல்ல யாருக்கும் கூச்சம் வேணாம், அப்ரைசல் அதுல தானே நிக்குது. ஆனா வரிசை இதே வரிசை தான். அஞ்சாவத மொதல்ல தூக்கி வச்சா மத்த நாலும் கவுந்துடும்.

இந்த அஞ்சுக்கும் முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோ: இந்த சார்ட்ல இருக்கற சிபிடி கோடு (டாக்டர் என்ன பண்ணாருங்கறதுக்கு, வியாதிக்குப் போடறது ஐசிடி கோடு), பேத் ரிசல்ட்டப் பாத்து மாறுமா மாறாதா? பாதி முடிவு இதுலயே ஆயிடும்.

பயாப்ஸின்னா, அதாவது டெஸ்ட்டுக்கு ஒரு துண்டு மட்டும் எடுத்தா, மாறாது. 11102 மேலாக்க செதுக்கறது, 11104 பஞ்ச், 11106 கத்தி வச்சு கொஞ்சம் வெட்டி எடுக்கறது, ஒவ்வொன்னுக்கும் பின்னாடியே கூடுதல் லீஷனுக்கு (தோல்ல தெரியற மாற்றம்) 11103, 11105, 11107. 2019ல பழைய 11100, 11101 ரெண்டையும் தூக்கிட்டு இந்த ஆறையும் கொண்டாந்தாங்க. துண்டு எடுத்த விதம் தான் கோடு, உள்ள என்ன இருந்துச்சுங்கறது கோடுல கெடையாது. லீஷன முழுசா செதுக்கி எடுக்கற ஷேவ் ரிமூவல் 11300 வரிசையும் அப்படித்தான்.

எக்சிஷன்னா, அதாவது லீஷன முழு ஆழத்துக்கு வெட்டி எடுத்தா, மாறும். கேன்சர் இல்லன்னா 11400 வரிசை, கேன்சர்னா 11600 வரிசை. ஒரே கத்தி, ஒரே முதுகு, ஒரே அளவு, ரிசல்ட்டப் பொறுத்து வேற கோடு வேற காசு. கருக்கறது, உறைய வைக்கறது மாதிரி டிஸ்ட்ரக்ஷனும் மாறும், ஆக்டினிக் கெரட்டோசிஸ்க்கு (கேன்சருக்கு முந்தின நெலம) 17000, கேன்சருக்கு 17260ல இருந்து 17286 வரைக்கும். மோஸ் சர்ஜரில இந்தப் பிரச்சனையே இல்ல, வெட்டற டாக்டரே ஸ்லைடையும் அங்கயே பாத்துடறாரு, 17311ல இருந்து ஆரம்பிக்கற அந்த கோடுங்களுக்கு கண்டிஷனே அது தான்.

## ஒரு வார்த்த மாறினா கோடு மாறற இடம்

வழிங்களுக்குப் போறதுக்கு முன்னாடி இத ஒரு தபா பாத்துடுங்க, ஏன்னா "ரிப்போர்ட் வந்துடுச்சு" ன்னு சந்தோஷப்பட்டு தப்பா கோட் பண்றவங்க தான் ஜாஸ்தி. வலது பக்கம் இருக்கறது ஐசிடி கோடு. நீவஸ்னா மச்சம், மெலனோமான்னா தோலுக்கு நிறம் குடுக்கற செல்லுல வர்ற கேன்சர், இன் சிட்டுன்னா மேல் அடுக்கத் தாண்டாதது.

| சார்ட்ல இருக்கற வார்த்த | போக வேண்டிய இடம் |
|---|---|
| லீஷன், வேற எதுவும் இல்ல | எல்98.9 |
| நியோபிளாசம், டியூமர், க்ரோத் | டி49.2 |
| எடிபிக்கல் நீவஸ் | டி22 |
| ஆக்டினிக் கெரட்டோசிஸ் | எல்57.0 |
| போவன்ஸ் டிசீஸ், ஸ்குவாமஸ் செல் கார்சினோமா இன் சிட்டு | டி04 |
| மெலனோமா இன் சிட்டு, லென்டிகோ மாலிக்னா | டி03 |
| லென்டிகோ மாலிக்னா மெலனோமா | சி43 |
| பேசல் செல், ஸ்குவாமஸ் செல் (பரவ ஆரம்பிச்சது) | சி44 |
| பேத்தாலஜிஸ்ட்டே "நடத்த தெளிவா இல்ல" ன்னு எழுதினது | டி48.5 |

லென்டிகோ மாலிக்னாவும் லென்டிகோ மாலிக்னா மெலனோமாவும் பாருங்க. கடைசி வார்த்த இருந்தா பரவற கேன்சர், இல்லன்னா மேல் அடுக்குலயே நிக்கற ஸ்டேஜ் 0. வேகமா ஸ்க்ரோல் பண்ணி மூனாவது வார்த்தய விட்டவங்கள நான் பாத்திருக்கேன், இல்லாத மூனாவது வார்த்தய அவங்களே மனசுல சேத்துக்கிட்டு படிச்சவங்களையும் பாத்திருக்கேன்.

இன்னொன்னு, ஸ்டேஜ் ஐசிடில ஏறாது. ரிப்போர்ட்ல பிரெஸ்லோ ஆழம் (மெலனோமா தோலுக்குள்ள எறங்கின ஆழம்) 0.4 மி.மீ. ன்னு இருக்கும், புண்ணு இல்லன்னா கேன்சர் ஸ்டேஜ் பிரிக்கற ஏஜேசிசி எட்டாவது எடிஷன்படி டி1ஏ (T1a, 0.8 மி.மீ.க்கு கீழ), அதப் பாத்துட்டு "ரொம்ப சின்னது தானே, இன் சிட்டு போட்டுடலாம்" ன்னு ஒரு பொண்ணு போட்டு வச்சிருந்துச்சு. ஆழம்னு ஒரு நம்பர் இருந்தாலே அது கீழ எறங்கிடுச்சுன்னு அர்த்தம், அது சி43 தான். இன் சிட்டுக்கு பிரெஸ்லோ நம்பர் வராது, எந்த அடுக்கு வரைக்கும் எறங்கிச்சுன்னு காட்டற கிளார்க் லெவல் சொல்லியிருந்தா 1ன்னு இருக்கும்.

## வழி 1: இருக்கறத வச்சு அனுப்பறது

ரூல்: அவுட்பேஷண்ட்டுக்கு ஐசிடி-10-சிஎம் கைட்லைன் தெளிவா சொல்லுது, சஸ்பெக்டட், ப்ராபபிள், ரூல் அவுட், கம்பேட்டபிள் வித், கன்சிஸ்டன்ட் வித், இந்த மாதிரி சந்தேக வார்த்த எது இருந்தாலும் அத வியாதியா கோட் பண்ணக்கூடாது, அன்னிக்கு எவ்ளோ தெரியுமோ அவ்ளோ தான். டாக்டர் "நியோபிளாசம், மெலனோமா இருக்கலாம்" ன்னு எழுதினா டி49.2 போட்டு நிறுத்திக்கணும். வெறும் "லீஷன்" னா டி49.2 கூட போக முடியாது, இண்டெக்ஸ்ல தேடினா எல்98.9 தான் வரும். அட்மிட் ஆன பேஷண்ட்டுக்கு ரூல் தலைகீழ், டிஸ்சார்ஜ் நேரத்துல சந்தேகம்னு இருந்தாலும் இருக்கறதாவே கோட் பண்ணலாம், ஆஸ்பத்திரி சைட்ல இருந்து டெர்மாவுக்கு மாறி வந்தவங்க இங்க தான் வழுக்கறாங்க.

காசு: பயாப்ஸிக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல, சிபிடி அதே தானே. எக்சிஷன ரிப்போர்ட் இல்லாம அனுப்பனும்னா 11400 வரிசைல தான் அனுப்ப முடியும், கேன்சர்னு யாரும் இன்னும் சொல்லலையே. அப்புறம் கேன்சர்னு ரிப்போர்ட் வந்தா கிளினிக்குக்கு நஷ்டம், திருத்தி அனுப்பற வேல வேற. நேர் எதிரா "டாக்டர் அனுபவசாலி, அவரு சொன்னா கேன்சராத் தான் இருக்கும்" ன்னு 11600 வரிசைல அனுப்பி ரிசல்ட் சாதா மச்சம்னு வந்துடுச்சுன்னா, அது வாங்கக் கூடாத காசு. மெடிகேர் (அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்) காசுன்னா கண்டுபுடிச்ச 60 நாளுக்குள்ள திருப்பிக் கட்டணும்.

வெளிய தெரியாத செலவு: இதுல என் சொந்தக் கத ஒன்னு இருக்கு. வேலைக்கு வந்த ரெண்டாவது வருஷம், அப்ப இருந்த கம்பெனில மாசக் கடைசி, டார்கெட்டுக்கு ஒம்பது சார்ட் கம்மி. ஒரு பயாப்ஸி சார்ட்ல "சஸ்பிஷியஸ் ஃபார் மெலனோமா, பேக்" ன்னு இருந்துச்சு, நான் சி43.59 போட்டு தள்ளிட்டேன், அன்னிக்கு சாயந்தரம் நிம்மதியா பீச் ஸ்டேஷன் பக்கம் எறங்கி அத்தோ சாப்டுட்டு வீட்டுக்குப் போனேன். மூனு வாரம் கழிச்சு கிளையண்ட் கிட்ட இருந்து மெயில். ரிசல்ட் சாதா நீவஸ். அந்தப் பேஷண்ட்டுக்கு இன்சூரன்ஸ்ல இருந்து போன பேப்பர்ல மெலனோமான்னு இருந்திருக்கு, அந்தம்மா கிளினிக்குக்கு போன் பண்ணி "எனக்கு கேன்சர்னு ஏன் என் கிட்ட சொல்லல" ன்னு அழுதிருக்கு. மெயில்ல அந்த ஒரு வரி இருந்துச்சு, மீதி எல்லாம் டிக்கெட் நம்பரும் கோடும் தான். எனக்கு அந்த மாசம் இன்சென்டிவ் போச்சு, அது பெருசா தெரியல. திருத்தி அனுப்பனாலும் பழைய க்ளெய்ம் டேட்டா எங்கெங்க போய் உக்காந்துதுன்னு யாருக்கு தெரியும், நாளைக்கு அந்தம்மா ஒரு லைஃப் இன்சூரன்ஸ் எடுக்கப் போனா என்ன கேப்பாங்களோ. அந்த ஊர்ல மெடிகேர் அட்வான்டேஜ் பிளானுங்களுக்கு ரிஸ்க் கணக்குல (வியாதி கூடினா பிளானுக்கு வர்ற காசும் கூடும்) சி43 சேரும், அதனால ஆடிட்காரங்க கண்ணும் மொதல்ல அங்க தான் போகும்.

எப்ப இது பெஸ்ட்: பயாப்ஸி, ஷேவ் ரிமூவல் சார்ட், டாக்டர் சொன்ன வார்த்தைக்கு நேரா ஒரு கோடு இருக்கு, கிளையண்ட்டும் "பயாப்ஸிக்கு வெயிட் பண்ணாத" ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. கண்ண மூடிக்கிட்டு அனுப்பு. சில கிளையண்ட் பயாப்ஸிக்கும் ரிப்போர்ட் வரட்டும்னு சொல்லுவாங்க, அப்ப அவங்க சொல்றது தான், இங்க அது ரூல் மீறல் இல்ல, அவங்க விருப்பம்.

## வழி 2: ஹோல்ட்ல வைக்கறது

ரூல்: இதுக்கு கைட்லைன்லயே பலம் இருக்கு. அவுட்பேஷண்ட் டெஸ்ட்ட ஒரு டாக்டர் படிச்சு, கோட் பண்ற நேரத்துல ஃபைனல் ரிப்போர்ட் கையில இருந்தா, அதுல உறுதியா சொன்ன வியாதிய கோட் பண்ணலாம். பேத்தாலஜிஸ்ட்டும் டாக்டர் தான், அதனால டெர்மடாலஜிஸ்ட் தனியா ஒரு வாட்டி எழுதித் தரணும்னு இல்ல. அட்மிட் கேஸ்ல மட்டும் இது செல்லாது, அங்க பாத்துக்கற டாக்டரே எழுதணும்.

காசு: எக்சிஷனுக்கு இதத் தவிர சரியான வழியே இல்லன்னு தான் சொல்லுவேன். ரிப்போர்ட் வந்தப்புறம் கோட் பண்ணா கூடவும் போகாது குறையவும் போகாது.

நாள்: இங்க தான் பயம். ஸ்கின் ரிப்போர்ட் சாதாரணமா சில நாள்ல வந்துடும், ஸ்பெஷல் ஸ்டெயின் போடணும், இன்னொருத்தர் கருத்து கேக்கணும்னா இன்னும் தள்ளிப் போகும். மெடிகேர்ல க்ளெய்ம் அனுப்ப சிகிச்ச நடந்த நாள்ல இருந்து ஒரு வருஷம் டைம் இருக்கு, பிரைவேட் இன்சூரன்ஸ்ல கான்ட்ராக்ட்டப் பொறுத்து 90 நாள் 180 நாள்னு இருக்கும். அதனால "ஹோல்ட் போட்டா டைம்லி ஃபைலிங் போயிடும்" ன்னு டிஎல் சொல்றது பத்து நாள் ஹோல்டுக்குப் பொருந்தாது, அவரு பயப்படறது டேட்ட (டர்ன்அரவுண்ட் டைம், சார்ட்ட முடிச்சுக் குடுக்க வேண்டிய கெடு) நெனச்சு தான். அத அவரும் ஒத்துக்குவாரு, தனியா டீ குடிக்கறப்ப கேட்டுப் பாருங்க.

வெளிய தெரியாத செலவு: ஹோல்ட்ல வச்சது மறந்து போறது. ரிப்போர்ட் வரும், ஆனா அந்த சார்ட்டுக்குள்ள வராது, வேற தேதில ஸ்கேன் ஆகி வேற டேப்ல போய் உக்காந்துக்கும், சிஸ்டம் ஒன்னும் மணி அடிக்காது. ஹோல்ட் போட்ட கோடர் லீவுல போயிடுவான், வேல மாறிடுவான், லிஸ்ட் அவன் எக்ஸெல்லோட போச்சு. ஹோல்ட் போடறவங்க கமெண்ட்ல "பெண்டிங்" ன்னு மட்டும் எழுதாதீங்க. எந்த லீஷன், எந்த இடம், துண்டு எத்தன, என்னிக்கு அனுப்பனது, மறுபடி என்னிக்குப் பாக்கணும், இந்த அஞ்சும் இருக்கணும். மூனு இடத்துல வெட்டி ஏ, பி, சி ன்னு ஜாடில போட்டு அனுப்பியிருப்பாங்க, ரிப்போர்ட்லயும் ஏ, பி, சி ன்னு தான் வரும், எந்த எழுத்து எந்த இடம்னு நோட்ல பாத்து வச்சுக்கலன்னா இடது தோள்பட்ட கேன்சர் வலது தோள்பட்டைல போய் ஏறிடும்.

இன்னொரு சிக்கல். ஓரத்துல கேன்சர் மிச்சம் இருக்குன்னு ரிப்போர்ட் வந்து அந்த எக்சிஷனோட 10 நாள் குளோபலுக்குள்ளயே (அந்த சர்ஜரி காசுலயே ஃபாலோஅப்பும் அடங்கற நாள்) மறுபடி வெட்டினாங்கன்னா ரெண்டாவதுக்கு 58 மாடிஃபையர் (கோடு கூட ஒட்டற குறி) வேணும். மொத க்ளெய்ம் நம்ம ஹோல்ட்ல தூங்கிட்டு இருக்கறப்ப ரெண்டாவத இன்னொரு கோடர் அனுப்பிட்டான்னா ரெண்டும் குழம்பும். அந்த ரெண்டாவது வெட்டுல எடுத்த துண்டு சுத்தமா இருந்தாலும் அது கேன்சர் எக்சிஷன் தான், சிகிச்ச இன்னும் முடியல, வியாதி கோடும் அதே கேன்சர் கோடு தான் போகணும். "ரிப்போர்ட்ல ஒன்னும் இல்லையே அக்கா" ன்னு 11400 வரிசைல போட்டு வருவாங்க.

எப்ப இது பெஸ்ட்: எக்சிஷன், டிஸ்ட்ரக்ஷன், சுருக்கமா ரிசல்ட்டப் பாத்து சிபிடி மாறற எதுவும். மேட்டர் சிம்பிள், யோசிக்கவே வேணாம். அன்னிக்கே ஃப்ரோசன் செக்ஷன் (துண்ட ஒடனே உறைய வச்சுப் பாக்கற டெஸ்ட்) பாத்து பேத்தாலஜிஸ்ட் சொல்லிட்டாரு, இல்ல முன்னாடியே பயாப்ஸில கேன்சர்னு வந்து அதுக்குத் தான் இந்த எக்சிஷன்னு நோட்லயே இருக்குன்னா ஹோல்டே தேவயில்ல, பழைய ரிப்போர்ட்ட தேடி எடுங்க. கொஞ்சம் பின்னாடி போய் பாக்க சோம்பேறித்தனப்பட்டு ஹோல்ட் போடற சார்ட்டும் நெறைய.

## வழி 3: குயரி போடறது

ஹோல்டுக்கும் குயரிக்கும் வித்தியாசம் தெரியாம ரெண்டையும் ஒன்னா நெனைக்கறாங்க. ரிப்போர்ட் தானா வரும்னா அது ஹோல்ட். எத்தன நாள் உக்காந்தாலும் தானா வராத தகவலுக்குத் தான் குயரி.

தானா வராதது எதுன்னா டாக்டர் எழுதாம விட்டது. பெருசா நாலு: வெட்டறதுக்கு முன்னாடி லீஷன் அளவு, மார்ஜின் (லீஷன சுத்தி சேத்து வெட்டின நல்ல தோல்), இடம் (இடதா வலதா), எடுத்த விதம். இதுல மார்ஜின் தான் மகாராஜா. எக்சிஷன் அளவுன்னா லீஷனோட பெரிய விட்டம், கூட ரெண்டு பக்கமும் குறைஞ்சபட்ச மார்ஜின். முதுகுல லீஷன் 1.3 செ.மீ., மார்ஜின் ரெண்டு பக்கமும் 0.5 னா மொத்தம் 2.3 செ.மீ., 2.1ல இருந்து 3.0 க்குள்ள வருது, கேன்சர்னா 11603. மார்ஜின் எழுதலன்னா கையில 1.3 தான் இருக்கு, 11602க்கு எறங்கிடுது. மெலனோமா இன் சிட்டுன்னா டாக்டருங்க பொதுவா 0.5ல இருந்து 1 செ.மீ. வரைக்கும் மார்ஜின் விடுவாங்க, 1 மி.மீ. ஆழம் வரைக்கும் இருக்கற மெலனோமாவுக்கு 1 செ.மீ., ஆனா "பொதுவா விடுவாங்க தானே" ன்னு நாமளே கூட்டிக்க முடியாது, இந்த பேஷண்ட்டுக்கு எவ்ளோ விட்டாருன்னு எழுதினா தான் உண்டு.

அப்ப பேத் ரிப்போர்ட்ல துண்டோட அளவு இருக்குமே, அத எடுத்துக்கலாமேன்னு எல்லாரும் கேப்பாங்க. கூடாது. காசிமேட்டுல ஒரு கிலோ எறா வாங்கி உரிச்சு வதக்கனா சட்டில எவ்ளோ நிக்குதுன்னு நம்ம வீட்டு ஆளுங்களுக்கு சொல்லவா வேணும், வதக்கனப்புறம் எடை போட்டு கடக்காரன் கிட்ட காசு குடுக்க முடியுமா? தோலும் அப்படித்தான், ஒடம்புல இருந்து எடுத்ததுமே சுருங்குது, ஃபார்மலின்ல போட்டா இன்னும் சுருங்குது. போதாததுக்கு தையல் ஒழுங்கா சேரணும்னு கண்ணு வடிவத்துல நீளமா வெட்டியிருப்பாங்க, அந்த நீளம் வேற. ஒரு பக்கம் குறையும், ஒரு பக்கம் கூடும், ரெண்டுமே நமக்கு வேணாம். வெட்டறதுக்கு முன்னாடி டாக்டர் அளந்தது மட்டும் தான் அளவு.

ரூல்: குயரில பதில நாமளே ஊட்டக்கூடாது. "இது மெலனோமா தானே டாக்டர்?" ன்னு கேட்டா அது லீடிங் குயரி. சார்ட்ல இருக்கற விஷயத்த அப்படியே எடுத்துக் காட்டி, பொருந்தற எல்லா ஆப்ஷனும் குடுத்து, "வேற ஏதாவது", "சொல்ல முடியல" ரெண்டும் சேத்துக் கேக்கணும். காசு எவ்ளோ வரும்னு ஒரு வார்த்த கூட வரக்கூடாது.

நாளும் வெளிய தெரியாத செலவும்: டாக்டர் பதில் போட ஒரு நாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும், அது நம்ம கையில இல்ல. அதுக்கும் மேல ஒன்னு இருக்கு, டாக்டரோட பொறும. தொட்டதுக்கெல்லாம் குயரி போட்டா கிளையண்ட் மேனேஜர் கிட்ட இருந்து "உங்க டீம் சார்ட்ட படிக்கறாங்களா இல்லையா" ன்னு போன் வரும், அப்புறம் நெசமாவே தேவப்படற குயரியும் குப்பைக்குப் போகும். ஒரே டாக்டர் மாசா மாசம் மார்ஜின் எழுத மாட்டேங்கறாருன்னா முப்பது குயரி போடாதீங்க, டிஎல் வழியா ஒரே மெயில், நோட் டெம்ப்ளேட்ல மார்ஜினுக்கு ஒரு கட்டம் வச்சுக்க சொல்லுங்கன்னு. எங்க டீம்ல ஒரு கிளினிக்குக்கு இப்படிப் பண்ணோம், அந்த டாக்டரோட குயரி அடுத்த மாசமே பாதியா கொறஞ்சுடுச்சு.

எப்ப இது பெஸ்ட்: அளவு, மார்ஜின், பக்கம் இல்லாத எக்சிஷன். நோட்ல வலது கைன்னும் ரிப்போர்ட்ல இடது கைன்னும் முட்டிக்கிற சார்ட். அப்புறம் ரிப்போர்ட்லயே "கன்சிஸ்டன்ட் வித் பேசல் செல் கார்சினோமா" ன்னு வர்ற சார்ட், இது தான் எல்லாரையும் கவுக்கற இடம். ரிப்போர்ட் வந்துடுச்சு, கேன்சர்னு பேரும் இருக்கு, ஆனா "கன்சிஸ்டன்ட் வித்" சந்தேக லிஸ்ட்ல இருக்கற வார்த்த, பேத்தாலஜிஸ்ட் எழுதினாலும் சந்தேகம் சந்தேகம் தான். டெர்மடாலஜிஸ்ட் அடுத்த விசிட்ல உறுதியா பேசல் செல்னு எழுதியிருந்தா எடுத்துக்கலாம், இல்லன்னா குயரி.

## மூனையும் பக்கத்துல வச்சுப் பாத்தா

| | அனுப்பறது | ஹோல்ட் | குயரி |
|---|---|---|---|
| ரூல் | தெரிஞ்சத மட்டும் போட்டா சரி | ஃபைனல் ரிப்போர்ட் வச்சா சரி | ஊட்டாம கேட்டா சரி |
| காசு | பயாப்ஸிக்கு நஷ்டமில்ல, எக்சிஷனுக்கு நஷ்டம் | சரியா வரும் | விட்டுப்போன காசு வரும் |
| நாள் | இன்னிக்கே | ரிப்போர்ட் வர வரைக்கும் | டாக்டர் மனசு வைக்கணும் |
| பேஷண்ட் ரெக்கார்ட் | அவசரப்பட்டா ஆபத்து | பத்திரம் | பத்திரம் |
| டார்கெட் | ஏறும் | அன்னிக்கு எறங்கும் | அன்னிக்கு எறங்கும், சில எடத்துல குயரிக்கும் கணக்கு உண்டு |
| மறஞ்ச செலவு | திருத்தல், திருப்பிக் கட்டறது | மறந்து போறது | டாக்டர் கடுப்பு |

## நாலாவதா ஒன்னு ஓடுது, அது வழியே இல்ல

டி48.5. "பேத் வரல, கேன்சரா இல்லையான்னு தெரியல, தெரியலன்னா அன்செர்ட்டன் தானே" ன்னு இத போட்டு அனுப்பறாங்க. சீனியருங்களே சொல்லிக் குடுக்கறாங்க, அது தான் பேஜார். அன்செர்ட்டன் பிஹேவியர்னா நமக்குத் தெரியலங்கறது கிடையாது, பேத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்புல பாத்தும் இது எப்படி நடந்துக்கும்னு சொல்ல முடியலன்னு எழுதறது. பாக்காமலே இருக்கறதுக்குப் பேரு அன்ஸ்பெசிஃபைட், அது டி49.2. ஸ்லைட பாக்காமலே பாத்த மாதிரி எழுதித் தரோம் நாம. என் கிட்ட வந்தா ஒவ்வொன்னுக்கும் முழு எர்ரர், அரை மார்க் கூட விட மாட்டேன், அதுக்குத் திட்டும் வாங்கியிருக்கேன்.

## எங்க தெரு தம்பியோட சார்ட்

அவன் மெட்ரோவுல சொன்ன சார்ட்டுக்கு வரேன். முதுகு, எக்சிஷன், லீஷன் 1.3, மார்ஜின் 0.5, ரெண்டு அடுக்கு தையல், பேத் வரல. எக்சிஷன்னாலே ஹோல்ட். அளவும் மார்ஜினும் இருக்கு, அதனால குயரி வேணாம். ரெண்டு அடுக்கு தையல மட்டும் விட்டுடாதன்னு சொன்னேன், சாதா தையல் எக்சிஷனுக்குள்ளயே அடக்கம், இந்த மாதிரி அடுக்கா தச்ச இன்டர்மீடியட்னா 12031 வரிசைல தனியா வரும், தச்ச நீளம் நோட்ல இருக்கான்னு பாரு, இல்லன்னா அதுக்கு ஒரு குயரி போடலாம். ஹோல்ட் கமெண்ட்ட அவன் போன்லயே டைப் பண்ணிக் காட்டினான், "பெண்டிங் பேத்" ன்னு. மண்டைல ஒன்னு போட்டு திருத்த வச்சேன்.

டிஎல் கிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டான். "பயாப்ஸி சார்ட் எல்லாம் இன்னிக்கே அனுப்பிடறேன், எக்சிஷன் மட்டும் ஹோல்ட், லிஸ்ட் இதோ, திங்கக்கிழம திரும்பப் பாக்கறேன்" ன்னு சொல்ல சொன்னேன். வெறும "ரிப்போர்ட் வரல சார்" ன்னு நின்னா தான் கத்துவாங்க, லிஸ்ட்டோட போனா பெருசா கத்த மாட்டாங்க.

ஆறு நாள்ல ரிப்போர்ட் வந்துச்சு, மெலனோமா இன் சிட்டு, ஓரம் சுத்தம். டி03.59, 11603. இதே கேஸ அவன் அன்னிக்கே அனுப்பியிருந்தா 11403ல போயிருக்கும். அந்தப் பேஷண்ட் ஆறு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வரப்ப, வேற சிகிச்ச ஒன்னும் இல்லன்னா, டி03 திரும்ப வரக்கூடாது, இசட்86.006 தான், இன் சிட்டு மெலனோமா இருந்துச்சுங்கற பழைய கதைக்கு அது. பரவின மெலனோமா எடுத்து முடிச்சதுன்னா இசட்85.820.

## அனுப்பிட்டேன், இப்ப ரிப்போர்ட் வந்து நிக்குது

பயாப்ஸின்னா விட்டுடு. அன்னிக்கு தெரிஞ்சது டி49.2, அன்னிக்கு அது சரி, ரிப்போர்ட் அப்புறமா வந்ததுக்காக யாரும் உன்ன தப்பு சொல்ல முடியாது. அடுத்த விசிட்ல இருந்து புது கோடு. எக்சிஷன்னா திருத்தித் தான் ஆகணும், பிரைவேட் இன்சூரன்ஸ்க்கு பழைய க்ளெய்ம் நம்பரப் போட்டு ஃப்ரீக்வன்சி கோடு 7 வச்சு ரீப்ளேஸ்மென்ட் க்ளெய்ம், மெடிகேர் பார்ட் பி-ல (டாக்டர் பில்லுக்கான பிரிவு) அந்த 7 செல்லாது, ரீஓபனிங் (பழைய க்ளெய்ம திரும்பத் திறக்கறது) கேக்கணும். ரிப்போர்ட்டு திருத்தி வந்தாலும் இதே கணக்கு தான், மொத ரிப்போர்ட்ல எடிபிக்கல்னு வந்து ஸ்டெயின் போட்டப்புறம் அமெண்டட் ரிப்போர்ட்ல மெலனோமா இன் சிட்டுன்னு மாறும், தேதி ரெண்டையும் பாத்து கடைசி ரிப்போர்ட்ட எடுங்க. நாலு நாள் முன்னாடி ஒரு சார்ட்ல நானே மொத ரிப்போர்ட்ட வச்சு கோடர் மேல எர்ரர் போட்டுட்டேன், அந்தப் பொண்ணு அமெண்டட் ரிப்போர்ட்டோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரீபட்டல் (மறுப்பு) அனுப்புச்சு, எர்ரர வாபஸ் வாங்கிட்டேன்.